சிவப்பு லைனும் நீல லைனும்

உழவர்கரைப் பக்கம் எழும்பிய வீடுகளில் பாதிக்கு மாடியில் தண்ணீர் ஏறுவது என் கைவேலை. உப்பு அரிக்கும், குழாய் நிற்காது என்று இன்ஜினியர்களே கைவிட்ட கடலோர ஓட்டல் மூன்றுக்கு லைன் போட்டுக் கொடுத்தவன் நான். படிப்பு ஐந்தாவதோடு சரி. இன்று சொந்தக் கடை, இரண்டு மாடி வீடு. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இப்பேர்ப்பட்ட ஆள் தன் நெஞ்சையே தப்பாகப் படித்துக் குடும்பத்தைக் கூட்டிய கதையை நீங்கள் உரிய மரியாதையோடு படிக்க வேண்டும்.

தொட்டி ஏணியில் ஏறும்போது மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். காத்திருந்த இடத்தில் இதயப் படம் மாட்டியிருந்தது. சும்மா இருப்பேனா, அரைமணி நேரம் நின்று படித்தேன். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. நடுவில் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நீலம்: உடம்பு சுற்றி வந்த அழுக்கு ரத்தம், நுரையீரலுக்குப் போகிறது. அந்தப் பக்கம் சிவப்பு: சுத்தமாகித் திரும்பிய ரத்தம், உடம்புக்குப் போகிறது. நாலு வால்வும் ஒரே திசையில்தான் திறக்கும். (வடிவமைத்தவன் தொழில் தெரிந்தவன் என்று மனதுக்குள் பாராட்டினேன்.)

உள்ளே ஒரு பெண் என் மார்பில் ஜில்லென்று எதையோ தடவிக் கருவியை வைத்தாள். திரையில் என் வால்வுகள் படபடவென்று அடித்தன. ஒரு பொத்தானை அழுத்தினாள். ஐயோ! ஒரே அறைக்குள் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பொங்கின. எனக்குப் புரிந்துவிட்டது. சுவர் விட்டுப்போச்சு. நல்ல தண்ணீரில் கழிவு கலக்கிறது.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். திங்கட்கிழமை டாக்டர் சொல்வார் என்றாள். வீட்டுக்காரரிடம் கெட்ட செய்தியை நானும் இப்படித்தான் தள்ளிவிடுவேன்.

அன்று சனிக்கிழமை. வீட்டுக்கு வந்து என் மனைவி தனலட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சொன்னாரா என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாத வால்வாடி?" என்றேன்.

பிறகு, ஆறு வருஷமாகச் செய்யாததைச் செய்தேன். பிரான்சில் இருக்கும் மகள் ஜெயந்திக்குப் போன் போட்டேன். சொல்தா குடும்பத்துப் பையன் அவள் புருஷன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் எல்லாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பையனிடம் ஒரு குறையும் இல்லை, அவளை அழைத்துக்கொண்டு போகிறான் என்பதைத் தவிர. போனால் திரும்பி வராதே என்றேன். என் பிள்ளை அல்லவா, சொன்னதைக் கேட்டாள்.

"ஜெயந்தி, அப்பாவுக்கு லைன் கலந்துடுச்சிம்மா" என்று சொல்லிப் போனைத் தனலட்சுமியிடம் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். மூன்று பேரும் டாக்டர் முன் உட்கார்ந்தோம். சின்ன வயசு டாக்டர் அம்மா. அவருக்கு வேலை வைக்காமல் நானே நோயை விளக்கி, மறைக்காமல் சொல்லச் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டை இரண்டுமுறை புரட்டினார்.

"ஐயா, அது மெஷின் போடற கலரு. கருவியப் பாத்து வர்ற ரத்தத்துக்குச் செவப்பு, வெலகிப் போறதுக்கு நீலம். சுவர்ல ஓட்டையே இல்ல. ஹார்ட் ஜோரா இருக்கு. எடையக் கொறைங்க, மூச்சு வாங்காது."

நல்ல செய்தி கேட்டு இடிந்துபோன நோயாளி அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஜெயந்தி என் கையை விட்டாள்.

"ஒரு சின்ன லீக்காவது இருக்கான்னு பாருங்கம்மா" என்று கெஞ்சினேன்.

"ஒரு வால்வுல துளி கசிவு இருக்கு. அது முக்காவாசிப் பேருக்கு இருக்கும்."

"பாத்தியா?" என்று மகள் பக்கம் திரும்பினேன். நாற்காலி காலி.

வெளியே அந்த இதயப் படத்தின் அடியில் நின்றிருந்தாள். பயணத்தில் கசங்கிய உடை, வீங்கிய கண். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"நல்லா இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா கூப்ட்டிருக்க மாட்டல்லப்பா?"

ஒரு பொய்யில் தப்பித்திருக்கலாம். கொத்தனாரிடமும் இன்ஜினியரிடமும் எத்தனையோ சொல்லியிருக்கிறேன்.

"மாட்டேம்மா. நம்பர எடுப்பேன், வெச்சிடுவேன். சாவப்போறேன்னு நெனச்சப்பதான் தைரியம் வந்துது."



"பசிக்குதுப்பா. ராத்திரிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல" என்றாள். என் பையை அவளே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பத்து நாள் இருந்தாள். அடுத்த வருஷம் புருஷனோடு வந்தாள். இப்போது ஞாயிறுதோறும் போனில் முகம் பார்க்கிறோம். மாப்பிள்ளை எடுத்த எடுப்பில் கேட்பார்: "இன்னிக்கு என்ன கலர் மாமா?" எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் சிவப்பு, கிளம்பினால் நீலம். பக்கத்து வீடுவரை இந்தப் பேச்சு பரவிவிட்டது.

எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தம் வேறு. மகள் வந்தது தன் வேண்டுதலால் என்று தனலட்சுமி மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். டாக்டர் அம்மா நல்லபடி எடுத்துச் சொன்னதால்தான் ஜெயந்தியின் கோபம் ஆறியது என்று என் மைத்துனன் அவருக்கு மாலை போட்டான். நான் கேட்கிறேன்: அந்தக் கலரை அன்று நான் சரியாகப் படித்திருந்தால் யார் வந்திருப்பார்கள்? படித்தவன் எவனாலும் முடியாத தப்பு அது. சாமிக்கும் டாக்டருக்கும் சேர வேண்டியது சேரட்டும். மூன்றாவதாக என் பெயரையும் சொல்லுங்கள்.