கோட்டா அண்ணையும் ஓடையில் நின்ற கன்றும்

ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகளில் எந்த மானுக்கு எப்போது ஆயுள் முடியும் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் எமதர்மராசா. மற்றவர் ட்வெய்ட்டாவில் எங்கள் மாடிக்கட்டடத்தில், எனக்கு நேர் மேல்வீட்டில் இருந்த கோட்டா அண்ணை. இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் நான் அண்ணையின் பக்கம்தான் நிற்பேன். எமன் ஆரிடமும் பெர்மிட் கேட்காமல் தூக்கிக்கொண்டு போகிற ஆள். அண்ணை அப்படியில்லை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது தபாற்பெட்டியிலும் கடவுச்சீட்டிலும் மட்டும் இருந்தது. மற்றபடி கோயிலில், கலியாண மண்டபத்தில், தமிழ்க்கடையில் எல்லாருக்கும் அவர் கோட்டா அண்ணைதான். நீங்கள் எதைப் பற்றிக் கதைத்தாலும் அது மான் கோட்டாவில் போய்த்தான் முட்டும்.

"அண்ணை, இண்டைக்கு நல்ல குளிர்" என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

"ஓம் தங்கச்சி, குளிருக்கு எல்க் கீழை இறங்கும். ஆனா கீழை வேறை வால்ட். அங்கை எங்களுக்குப் பெர்மிட் இல்லை."

கேட்டவளுக்குக் குளிரே விட்டுவிடும்.

விளங்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்; அவரிடம் கேட்டிருந்தால் விடிய விடியச் சொல்லியிருப்பார். எல்க் என்பது இங்கத்தைய பெரிய மான். எங்கள் வன்னிக் காட்டு மரைக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோர்வேயில் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டுக்கு வால்ட் என்று பெயர். ஒவ்வொரு வால்டுக்கும் தனிக் கோட்டா, அதாவது சுடக்கூடிய கணக்கு: கொம்பன் இத்தனை, பெட்டை இத்தனை, கன்று இத்தனை. கொம்பனுக்குப் பெர்மிட் இருந்தால் அதற்குப் பதிலாகக் கன்றைச் சுடலாம். கன்றுக்கு இருக்கிற பெர்மிட்டில் கொம்பனைச் சுட்டீர்களோ, தொலைந்தீர்கள். தாயும் கன்றுமாய் வந்தால் தாயை முதலில் தொடவே கூடாது, கன்று அநாதையாகிவிடும்.

இந்தச் சட்டத்தை அவர் காட்டோடு விட்டாரா என்றால், அதுதான் இல்லை. ஒருமுறை கலியாண வீட்டில் தெரியாத்தனமாக அவரைச் சிற்றுண்டி மேசையில் நிற்கவிட்டுவிட்டார்கள்.

"ஒராளுக்கு ஒரு ரோல், ஒரு வடை" என்றார் அண்ணை. "ரோலுக்குப் பதிலா இன்னொரு வடை எடுக்கலாம். வடைக்குப் பதிலா ரோல் எடுக்கேலாது."

"ஏன் எடுக்கேலாது?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா சண்டைக்கு வந்தார்.

"ரோல் கொம்பன். வடை கன்று. அதோடை நீங்கள் மாப்பிள்ளை பகுதி. உங்கடை வால்ட் அந்தப் பக்கத்து மேசை. அங்கை முடிஞ்சுது எண்டு இஞ்சை வரப்படாது."

சித்தப்பா தாலி கட்டு முடியுமட்டும் அந்த மேசைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணைக்கு இந்த விசர் எங்கே பிடித்தது என்றால், வேலைத்தலத்தில். ஒரு பெரிய சாமான் களஞ்சியத்தில் வேலை. இலையுதிர்காலம் வந்ததும் கூட வேலை செய்கிற நோர்வேக்காரர் எல்லாரும் லீவு போட்டுவிட்டு வேட்டைக்குப் போய்விடுவார்கள். அண்ணையும் ஃபோர்க்லிஃப்டும் தனியே நிற்பார்கள். திரும்பி வந்தவர்கள் தைமாதம் வரைக்கும் சாப்பாட்டு மேசையில் அதையேதான் கதைப்பார்கள். இவர் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, விளங்கினவர் மாதிரிச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பு அவருக்கே ஒருநாள் கைத்துப் போயிற்று. போய் வேட்டைப் பரீட்சை எழுதினார், பாஸ். காகித மானைச் சுடுகிற சோதனை, அதுவும் பாஸ்.

"ஒருக்கா, ஒரே ஒருக்கா, ஒரு குழுவிலை என்னையும் ஒராளாச் சேர்த்தால் காணும், தங்கச்சி. வேறையொண்டும் வேண்டாம்."

ஆனால் வேட்டைக் குழுவில் இடம் கிடைப்பது லேசான காரியமா? தகப்பன் விட்ட இடத்துக்கு மகன் வருவான். வெளியாள் நுழைவதென்றால் ஆராவது கண்ணை மூடவேண்டும், இல்லாவிட்டால் ஆருக்காவது நடக்கேலாமல் முழங்கால் தேயவேண்டும். அண்ணை வருடக்கணக்காகக் காத்திருந்தார். ஆருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு வில்லங்கம். மான் சுட லைசென்ஸ் எடுத்த மனுசனுக்குக் கார் ஓட லைசென்ஸ் இல்லை. ஓட்டப் பரீட்சையின்போது வீதியோரம் எல்க் படம் போட்ட பலகையைக் கண்டிருக்கிறார். காரை அப்படியே நிப்பாட்டிவிட்டார்.

"ஏன் நிற்கிறாய்?" என்று பரீட்சகர் கேட்டாராம்.

"எல்க் வரும் எண்டு போட்டிருக்கே."

பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்து ஊரைக் கூட்டினான். எல்க்கும் வரவில்லை, லைசென்ஸும் வரவில்லை. அன்று தொடக்கம் அவருக்குச் சாரதி நான். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை எனக்கு; ஒரு கிழட்டுக் கார் இருந்தது. சனிக்கிழமையில் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்கு வெளிக்கிட்டேன் என்றால் அண்ணையும் மனைவி கமலாக்காவும் பின்னும் முன்னுமாய் ஏறிவிடுவார்கள். ஒஸ்லோ நகரசபையின், இங்கத்தைய பேச்சில் கொம்யூனின், எல்லைப் பலகையைத் தாண்டினதும் அண்ணை தொண்டையைச் செருமுவார்.

"இப்ப வேறை கொம்யூன், தங்கச்சி. வேறை கோட்டா."

"அண்ணை, நான் சீலைக்கு ஃபோல் வாங்கப் போறன். மான் சுட இல்லை."

"தெரிஞ்சு வைச்சிருந்தால் நல்லதுதானே."

கமலாக்காவுக்கு வேறு கவலை. "உது பாக்க மாடு மாதிரியெல்லோ இருக்கு! உதைக் கொண்டந்து என்ரை சட்டியிலை போட்டால் நான் கோயில் வாசலை மிதிக்கிறதோ?" என்று பின்சீற்றிலிருந்து கத்துவார். மாடு வருடா வருடம் கொம்பை விழுத்தி முளைக்க வைக்குமோ என்று அண்ணை திருப்பிக் கேட்பார். ஸ்ட்ரோம்மன் வரும்வரைக்கும் வழக்கு நடக்கும்.

எங்கள் கட்டடத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரத் தம்பி ஒருவர் இருந்தார். துவக்குப் பெட்டியோடு லிஃப்டில் நின்ற அண்ணையிடம், "அண்ணே, எங்க ஊர்ல மானைச் சுட்டா உள்ள தள்ளிடுவாங்கண்ணே" என்று பயந்துபோய்ச் சொன்னார்.

"இஞ்சையும் பிழையான மானைச் சுட்டால் பெரிய வில்லங்கம்தான் தம்பி. வாரும், விளங்கப்படுத்திறன்."

அந்தத் தம்பி அதற்குப் பிறகு படியால்தான் ஏறி இறங்கினார்.

கடைசியில் ஒரு முழங்கால் தேய்ந்தது. அண்ணையோடு வேலை செய்த ஓட்வார் என்கிற தாடிக்காரர் ஒரு வேட்டைக் குழுவுக்குத் தலைவர். அவருடைய ஆட்களில் ஒருவருக்குத்தான் முழங்கால். "இந்தச் சனிக்கிழமை வந்து எங்களோடு நில். சரிவந்தால் அந்த இடம் உனக்கு. இல்லையென்றால் என் மருமகனுக்கு" என்று ஓட்வார் சொல்லிவிட்டார். அந்தச் செய்தியைச் சொல்ல அண்ணை எங்கள் வீட்டு மணியை அடித்தபோது கண் கலங்கியிருந்தது. வெங்காயம் வெட்டினது என்றார். அவர் வாழ்க்கையில் வெங்காயம் வெட்டினதில்லை.

சனி காலை காட்டுக்குப் போனோம். குழுவின் கோட்டாவில் மிச்சம் ஒரேயொரு கன்று. புதிய ஆள் என்றபடியால் நல்ல இடமாகப் பார்த்து, ஒரு ஓடைக்கரையில் அண்ணையை இருத்தினார் ஓட்வார். சத்தம் போடாமல் இருப்பதென்றால் நானும் பக்கத்தில் இருக்கலாம் என்றார். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று விளங்கும். செம்மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு, இஞ்சித் தேத்தண்ணிப் போத்தலைக் கட்டிப்பிடித்தபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது ஒரு கொம்பன். அம்மாடியோ! மேளக்காரர் முன்னால் வர மாப்பிள்ளை நடக்கிற நடை. நான் அண்ணையின் விலாவில் இடித்தேன்.

"எங்களுக்கு இல்லை" என்று அண்ணை உதட்டை மட்டும் அசைத்தார். கொம்பன் எங்களைக் கடந்து மெல்லமாகப் போயிற்று.

பிறகு ஒரு பெட்டை வந்தது. அதன் பின்னால் கன்று. கால் மட்டும் நீளமாய், உடம்பு இன்னும் வந்து சேராத மாதிரி ஒரு குட்டி. தாய் ஓடையைத் தாண்டி அப்பால் ஏறிவிட்டது. கன்று தண்ணீருக்குள் நின்று எங்களைப் பார்த்தது. தாய் விலகி நிற்கிறது, கன்று தனியே நிற்கிறது, கோட்டாவில் கன்று இருக்கிறது. இதைவிட வாய்ப்பான நேரம் ஒரு வேட்டைக்காரனுக்கு வராது. அண்ணை துவக்கைத் தூக்கினார். குறி பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்த அடியில் கன்று ஓடிவிடுமோ என்று பயந்தேன்.

அண்ணை துவக்கை இறக்கிவிட்டு ரேடியோவை எடுத்தார்.

"ஓட்வார், ஒரு கேள்வி. கன்றின் முன்னங்கால் எங்கள் வால்டில். பின்னங்கால் பக்கத்து வால்டில். வயிறு எந்தப் பக்கம் என்று கணக்கெடுப்பது?"

ரேடியோவில் ஆரோ ஒருவன் குபீரென்று சிரித்தான். அந்தச் சத்தத்துக்குக் கன்று காதை நிமிர்த்தி, ஒரு பாய்ச்சலில் தாயிடம் போய்ச் சேர்ந்து, இரண்டும் காட்டுக்குள் மறைந்துவிட்டன.

"அண்ணை, உங்களுக்கு விசரே! வருசக்கணக்காய்க் காத்திருந்தது உதுக்கோ?" எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணிப் போத்தலால் எறிந்திருப்பேன்.

"சந்தேகம், தங்கச்சி. சந்தேகம் வந்தால் சுடப்படாது" என்றார்.

நெருப்பு மூட்டி எல்லாரும் சொசேஜ் சுடுகிற இடத்துக்குப் போனோம். ஓட்வார் வரைபடத்தை விரித்தார். எல்லை ஓடையில் இல்லை. ஓடைக்கு அப்பால், மேட்டில் நிற்கிற ஒரு பெரிய கல்தான் எல்லை. கன்று தலை முதல் வால் வரைக்கும் எங்கள் பக்கத்தில்தான் நின்றிருக்கிறது. ஒருவன் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தான். மருமகன்காரன் நெருப்பைப் பார்த்துச் சிரித்தான். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இடம் போய்விட்டது என்று எனக்கு அழுகை வந்தது. ஏன் பொய் சொல்லவேண்டும், அவருக்காக ஆரோடாவது சண்டை பிடிக்கவும் வந்தது.

ஓட்வார் தாடியைத் தடவினார். "சந்தேகம் வந்தால் சுடாதே என்று நான் வருடா வருடம் இவர்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். ஒருத்தனும் காதில் விழுத்துவதில்லை. இந்த மனிதன் விழுத்தினான்." பிறகு அண்ணையின் தட்டில் இன்னொரு சொசேஜை வைத்தார். "அடுத்த வருடமும் அந்த ஓடையில் நீதான்."

அண்ணை தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வாய் வரவில்லை, அது உலக அதிசயம்.

திரும்பி வரும்போது காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். எனக்கு ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. காட்டில் இருக்கிற எல்லைக் கல்லெல்லாம் மனப்பாடமான மனுசனுக்கு அந்தக் கல்லைத் தெரியாதா?

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. எல்லை எங்கை எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தெரியும், தங்கச்சி. முதல்நாளே ஓட்வாரோடை போய் அந்தக் கல்லைத் தொட்டுப் பாத்தனான்."

"பிறகேன்?"

"ஊரிலை சண்டை நேரம் என்ரை அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவ. ரெண்டு பேரும் செத்துப்போச்சினம். தாய் எண்டோ பிள்ளை எண்டோ ஆரும் பாக்கேல்லை. அங்கை ஆருக்கும் ஒரு எல்லை இருக்கேல்லை, கோட்டா இருக்கேல்லை. இஞ்சை வந்து பாத்தால், ஒரு மான் கன்றைத் தொடுறதுக்கு எத்தினை பேர் கூடியிருந்து யோசிக்கினம். எனக்கு அந்தச் சட்டத்திலைதான் ஆசை, தங்கச்சி. அதைத் தெரிஞ்ச ஆக்களோடை ஒராளா இருக்கவேணும் போலை இருந்தது. அவ்வளவுதான்."

நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து எல்லைப் பலகை வந்தது. அண்ணை தொண்டையைச் செருமினார்.

"இப்ப வேறை கொம்யூன்."

அதோடு அந்தக் கதை முடிந்தது. நானும் ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அண்ணை அந்த ஓடையில் போய் இருந்தார். ஒருமுறை மூடுபனி, ஒருமுறை கண்ணாடியில் நீராவி, ஒருமுறை அது கன்றா வளர்ந்ததா என்று சந்தேகம். ஒரு மானும் விழவில்லை. அந்தக் கல்லைக் காட்டின ஓட்வாருக்கு எப்போதோ விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவரை வேறு இடத்துக்கு மாற்றவில்லை. குழுவில் ஒராளுக்குரிய இறைச்சிப் பங்கும் தவறாமல் வந்தது. கமலாக்கா முதல் வருடம் அதைப் பல்கனியில் தனிச்சட்டியில் சமைத்தார். இரண்டாம் வருடம் குசினிக்குள் கொண்டுபோனார். மூன்றாம் வருடம் அந்த இறைச்சியைக் காயவைத்து வத்தல் போட்டு, "மரைதான், மரைதான்" என்று சொல்லி எனக்கும் தந்தார்.

இப்போது இரண்டு பேரும் நாட்டின் வடகோடியில், ஹம்மர்ஃபெஸ்டில், மகள் வீட்டோடு. அங்கே ரெயின்டியர்கள் தெருவில் ஆட்டுக்கூட்டம் மாதிரித் திரியும்; எல்லாம் சொந்தக்காரர் உள்ள மான்கள், வேட்டையே கிடையாது. அண்ணை போன கிழமை ஃபோன் எடுத்தார்.

"தங்கச்சி, வாசல்லை ஒண்டு குட்டியோடை நிக்குது. கமலா பாண் குடுக்கிறா. இதுகளுக்குக் கோட்டாவே இல்லை. சுடேலாது. ஒருத்தராலையும் சுடேலாது!"

அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை நான் முன்பு கேட்டதில்லை.

நேற்று ஸ்ட்ரோம்மனுக்குத் தனியே போனேன். எல்லைப் பலகை வந்ததும், "இப்ப வேறை கொம்யூன், வேறை கோட்டா" என்று என்னுடைய வாயே சொன்னது. பக்கத்துச் சீற்றைத் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாய், எனக்கு அந்த மனுசனைத் தேடுது.