மூன்று மொழியில் ஆராதனை

மாலைத் தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஆசீர்வாதம் கைப்பேசியைத் திறந்தார். இந்த ஞாயிறும் அதே கதைதான். பெர்த்திலிருந்து மகள் ஷர்மினி கூப்பிட்டிருந்தாள். கீழே குறுஞ்செய்தி வேறு: "கூப்பிட்டேன்ப்பா, நீங்க எடுக்கல. அடுத்த வாரம் பேசலாம்."

உடனே திருப்பி அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது.

மனைவி காலமானபிறகு ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் அவரோடு பேச வானொலியை விட்டால் ஆள் இல்லை. வாரம் ஒருமுறை மகள் குரலைக் கேட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தார். ஆனால் கோயிலுக்குள் கைப்பேசியைத் தொடமாட்டார். கடவுளுக்கு ஒதுக்கிய நேரம் கடவுளுக்குத்தான்.

"அண்ணே, காலையில இங்கிலீஷ் சர்வீஸ் இருக்கே, அதுக்கு வாங்க லா," என்றாள் பாடகர் குழு தனுஜா. "மக கூப்பிடற நேரம் வீட்டுல ஃப்ரீயா இருப்பீங்க."

நல்ல யோசனை. ஷர்மினிக்குக் குரல் பதிவு அனுப்பினார்: "இனிமே எனக்குக் காலையிலயே கோயில்மா. அப்புறம் வீட்டுலதான் இருப்பேன்."

ஆங்கிலப் பிரசங்கத்தில் மற்றவர்கள் சிரித்தபோதெல்லாம் அவரும் சிரித்துவைத்தார். வெளியே வந்தால் தவறிய அழைப்பு. "காலையிலதான்ப்பா எனக்கு நேரம் கிடைச்சது," என்றது செய்தி.

மிச்சமிருந்தது பிற்பகல் சீன ஆராதனை. மகளுக்கு அதையும் சொல்லிவிட்டு அடுத்த வாரம் போனார். ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஆனால் பாட்டின் ராகம் தெரிந்ததாக இருந்ததால், தொண்டை கிழியத் தமிழிலேயே பாடினார். முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. முடிந்ததும் ஒரு சீன அம்மா அவர் கையில் ஆவியில் வெந்த சூடான பாவ் ரொட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அதைத் தின்றுகொண்டே கைப்பேசியைத் திறந்தார். தவறிய அழைப்பு.

"உமக்கு எந்த நேரத்தைக் கொடுத்தாலும் அதே நேரத்தை அவளுக்கும் கொடுக்கிறீரே, கர்த்தாவே," என்று வாய்விட்டே முறையிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்குப் போகவில்லை. ஆராதனைக்கென்று தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியை மடியில் வைத்து உட்கார்ந்தார். மனம் உறுத்தியது. "இந்த ஒரு வாரம் மன்னியும், ஆண்டவரே. என் பிள்ளை குரலைக் கேட்கணும்," என்றார்.

சீன ஆராதனை தொடங்கும் நேரம் பார்த்து மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஷர்மினி, அப்பாதான்மா."



"அப்பா... நீங்க கோயிலுக்குப் போகலையா?"

"உனக்காகத்தான்மா போகல. எப்படிம்மா இருக்கே?"

அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மருமகனின் குரல் கேட்டது.

"என்ன, எடுத்துட்டாரா? கோயில் நேரமாப் பார்த்து அடிச்சா மாமா எடுக்க மாட்டாரு, மிஸ்டு கால் போதும்னுதானே சொன்னே?"