பின் டயர் பின்னர்

சக்கரத்தைக் கண்டுபிடித்த ஆதிமனிதன் ஒரு பெரும் பிழை விட்டான். அவன் அதைத் தனியாகவே கண்டுபிடித்துவிட்டான். குழு அமைக்கவில்லை, கூட்டக்குறிப்பு எழுதவில்லை, தேநீர் இடைவேளைகூட விடவில்லை. மனித நாகரிகத்தின் இந்தக் களங்கத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு துடைத்த பெருமை, கண்டி நகரிலுள்ள மலைநாட்டு ஒருங்கிணைப்பு மேற்பார்வை அலுவலகத்தையே சாரும்.

அந்த அலுவலகம் எதை ஒருங்கிணைக்கிறது, எதை மேற்பார்வை செய்கிறது என்று கேட்பது அநாகரிகம். அங்கே பதினெட்டு உத்தியோகத்தர்கள் காலை முதல் மாலை வரை கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைச் சுமந்து ஓட ஒரேயொரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதை ஓட்ட ஒரேயொரு கணேஸ் இருந்தான்.

கணேஸுக்கு முப்பத்தாறு வயது. அம்பிட்டிய மேட்டில் வாடகை வீடு. மாலையில் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டு. ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் மனைவி தர்ஷிகாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டை இறங்கி, நகரத்தில் அவள் வேலை பார்க்கும் தையல் கடையில் விட்டுவிட்டு, அலுவலகத்துக்குப் போவான். பிறகு கடிதப் பையும் தோளுமாகப் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, மடவளை என்று நாள் முழுக்கச் சுற்றுவான்.

ஒருநாள் காலை, பின் டயரைத் தடவிப் பார்த்தான். அவனுடைய உள்ளங்கையைவிட அது வழவழப்பாக இருந்தது.

நேரே தலைமை உத்தியோகத்தர் பரமநாதனின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"சேர், பின் டயர் மொட்டையாயிருச்சுங்க. மழ பேஞ்சா பிடிக்காது."

பரமநாதன் யாழ்ப்பாணத்தவர். முப்பது வருட சேவையில் எந்தக் கோப்பையும் அவசரப்பட்டு முடித்துவைத்த கெட்ட பெயர் அவருக்கு இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மொட்டை எண்டால் என்ன? அரச ஆவணத்தில மொட்டை எண்டு ஒரு சொல்லுக் கிடையாது. எழுத்தில தாரும். மூண்டு பிரதி."

கணேஸ் எழுத்தில் கொடுத்தான். மூன்று பிரதிகளும் மூன்று மேசைகளுக்குப் போய், மூன்று வாரம் தங்கி, கடைசியில் ஒரு சுற்றறிக்கையாகப் பிறந்து வந்தன. அதன் தலைப்பு: 'இல்லத்திலிருந்தே சேவை'. அரசாங்கம் மக்களுக்குச் சேவை செய்வதுபோல, மோட்டார் சைக்கிளுக்கு அதன் ஓட்டுநர் தன் வீட்டில் வைத்துத் தானே 'சேவை' செய்ய வேண்டும் என்றது அது. எண்ணெய் மாற்றுதல், செயின் கழுவுதல், பிரேக் பார்த்தல் எல்லாம் இனி வீட்டில். விளைவுகளுக்கான பொறுப்பும் வீட்டில்.

கணேஸ் இதையெல்லாம் பத்து வருடமாக வீட்டில்தான் செய்துவந்தான். அதைச் சொன்னால் திட்டத்துக்கு அவமானமாகிவிடும் என்பதால் பேசாமல் இருந்தான்.

திட்டத்தை ஆரம்பித்துவைக்க ஒரு ஹோட்டல் மண்டபத்தில் முழுநாள் பயிற்சிப்பட்டறை நடந்தது. செயினின் தத்துவம் பற்றி ஒருவர் இரண்டு மணித்தியாலம் பேசினார். முடிவில் பதினெட்டு உத்தியோகத்தர்களுக்கும் சான்றிதழ் கிடைத்தது. கணேஸுக்குக் கிடைக்கவில்லை, விரிவுரை நேரத்தில் அவன் மழையில் பகல் சாப்பாட்டுப் பார்சல் எடுக்கப் போயிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாவது 'சேவை'. மேற்பார்வைக்காகப் பரமநாதனும் நிர்வாக உத்தியோகத்தர் மஸாஹிராவும் இருபது பக்கப் படிவத்தோடு அம்பிட்டியவுக்கு வந்து இறங்கினார்கள். முற்றத்தில் சாக்கு விரித்து, கணேஸ் பழைய எண்ணெயை இறக்கிக்கொண்டிருந்தான். தர்ஷிகா பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏழாவது கேள்வி," என்று மஸாஹிரா வாசித்தாள். "டயரிலுள்ள பள்ளம் எத்தனை மில்லிமீற்றர்?"

பரமநாதன் சட்டைப்பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்துக் குந்தியிருந்து பின் டயரை அளந்தார். இடமிருந்து வலமாக அளந்தார். வலமிருந்து இடமாகவும் அளந்தார்.

"ஒரு இடத்திலயும் பள்ளம் இல்லையே?"

"அதத்தாங்க சேர் நானும் மூணு பிரதியில எழுதினேன்."

"நல்ல விஷயம்தானே! மஸாஹிரா, 'பள்ளம் எதுவும் இல்லை' எண்டு போடுங்கோ."

"சேர், இங்க பாருங்க. உள்ளுக்கு இருக்கிற நூலே வெளிய தெரியுது." கணேஸ் விரல் வைத்துக் காட்டினான்.

பரமநாதன் படிவத்தை எட்டிப் பார்த்தார். "அதுக்கு ஒரு நிரல் இருக்கு. 'வெளிப்படைத்தன்மை'. அதில 'உண்டு' எண்டு போடுங்கோ."

மஸாஹிரா போட்டாள்.

பத்து நாளில் மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. 'பள்ளங்களே இல்லாத டயரை வெளிப்படைத்தன்மையுடன் பேணிவரும் உங்கள் அலுவலகம் எமது வீதிகளுக்கும் முன்மாதிரியாகட்டும்' என்று அதில் எழுதியிருந்தது. பரமநாதன் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். சட்டத்தைக் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்தவன் கணேஸ். அந்த மொட்டை டயரில்தான் போய்வந்தான்.

அன்றிலிருந்து அவன் தர்ஷிகாவைப் பின்னால் ஏற்றவில்லை. சீட் ஈரமாக இருக்கிறது என்றான். மறுநாள் அவசரக் கடிதம் என்றான். மூன்றாம் நாள் அவளே பஸ்ஸுக்குச் சில்லறையை எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏன் பொய் சொல்றீங்க? என்னய ஏத்த பயமா இருக்குன்னு சொல்லுங்க. ஒங்களுக்கு மட்டும் என்ன, ரெண்டு உசுரா வச்சிருக்கு?"

கணேஸ் வண்டியைத் தனியாகவே எடுத்தான். அன்று பின்னேரம் மடவளைக்குக் கடிதம் கொண்டுபோனபோது, அங்கே டயர் கடை வைத்திருக்கும் ஹுஸைனிடம் வண்டியைக் காட்டினான்.

ஹுஸைன் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "என்ன கணேஸ் இது! இந்த டயர்ல போய் மௌத்தாகப் பாக்கிறீங்களா? இது கால் மணித்தியால வேல. இப்பவே போட்டுத் தாறன்."

"வேணாங்க ஹுஸைன் நானா. போன வருஷம் சொந்தக் காசுல ஒரு பல்ப் மாத்துனேன். அரச சொத்துல தனியார் பல்ப் எப்படி வந்துச்சுன்னு விளக்கம் கேட்டு எழுதிட்டாங்க. டயரப் போட்டா வேலையே போயிரும்."

அடுத்த மேற்பார்வை ஞாயிறு வந்தது. இந்த முறை பிளேன்டீயைக் கொடுத்துவிட்டு, தர்ஷிகா உள்ளே போகவில்லை.

"சேர், ஒரு உதவிங்க. இந்த டயர்ல நீங்க ஒரே ஒரு தடவ பின்னால ஒக்காந்து, இந்த மேட்டுல எறங்கிப் பாருங்க."

பரமநாதன் சரிவைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். தேநீரை முழுவதுமாகக் குடித்து முடித்தார்.

"பின்னால இருக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லைப் பிள்ளை. ஆனால் இது பாரதூரமான விஷயம்தான். உடன ஒரு குழு போடுறம்."

இவ்வாறு உதயமானதுதான் பரமநாதனும் மஸாஹிராவும் உட்பட ஏழு பேர் கொண்ட டயர் தெரிவுக் குழு. ஏழு பேரும் மோட்டார் சைக்கிளில் ஏறியறியாதவர்கள், ஆகவே பக்கச்சார்பற்றவர்கள்.

முதலாம் கூட்டத்தில், டயர் வட்டமாக இருக்க வேண்டும் என்பது ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாம் கூட்டத்துக்கு நிபுணராக ஹுஸைன் அழைக்கப்பட்டார். கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், நின்றுகொண்டே சொன்னார்:

"சேர், காட்டுக்குப் போற முள்ளு டயர் இவருக்குத் தேவல்ல. தார் ரோட்டுல அது சறுக்கும். மழத் தண்ணி பக்கத்தால வெளியாகிற மாதிரி வெட்டு உள்ள சாதாரண ரோட்டு டயரே காணும். பின்னுக்கு சைஸ் மூணு புள்ளி சைபர் சைபர், பதினேழு. முன் டயர் நல்லா ஈக்கிது, அதத் தொட வேணாம்."

கூட்டம் மெய்மறந்து கேட்டது. பிறகு பரமநாதன் எழுந்து நன்றி சொன்னார்.

"உங்கட கருத்து மிகவும் பெறுமதியானது. ஆனால் நீங்கள் ரயர் விக்கிற ஆள். ரயரைப் பற்றி ரயர் விக்கிறவர் சொல்லுறதை ஏற்றுக்கொண்டால் நாளைக்குக் கணக்காய்வில கேள்வி வரும். நீங்கள் போகலாம்."

ஹுஸைன் கணேஸைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனார்.

அவர் சொன்ன 3.00–17 என்ற அளவைக் குறிப்பில் எழுதிப் பதிவறைக்கு அனுப்பினார்கள். அந்த இலக்கத்தில் ஒரு கோப்பு இந்த அலுவலகத்தில் இல்லை என்று பதிவறை பதில் அனுப்பியது. அந்தக் கோப்பைத் தேடுவதில் ஒரு மாதம் போயிற்று. கணேஸ் இதற்கிடையில் புதிய ஓட்டுநர் கலை ஒன்றைப் பழகிக்கொண்டான். வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைப்பான், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு இறங்குவான், குலதெய்வத்தைக் கூப்பிடுவான். செருப்பு இரண்டு சோடி தேய்ந்தது. அதற்குப் படிவம் இல்லை.

ஐந்தாவது கூட்டத்தில் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு எடுக்கப்பட்டது. அலுவலகத்துக்குக் கிடைத்திருக்கும் ஒதுக்கீடு ஒரு டயருக்குத்தான். எந்த டயர்?

"இப்படியான கட்டத்தில முன்னுரிமை அடிப்படையில போறதுதான் நடைமுறை," என்றார் பரமநாதன்.

"முன்னுரிமைன்டா முன்னுக்குத்தானே சேர்?" என்று மஸாஹிரா கேட்டாள். அவள் சந்தேகமாகத்தான் கேட்டாள். கூட்டம் அதைப் பிரேரணையாக ஏற்றுக்கொண்டது.

குறிப்பில் எழுதினார்கள்: முன்னுரிமை அடிப்படையில் முன் டயர். பின் டயர் பின்னர்.

மடவளையில் ஹுஸைனின் கடைவாசலில் விழா. முன் சக்கரத்தில் சிவப்பு நாடா கட்டிப் பரமநாதன் வெட்டினார். எல்லோரும் கைதட்டிப் படம் எடுத்தார்கள். கழற்றிய பழைய முன் டயரைத் தூக்கிக்கொண்டு ஹுஸைன் மெதுவாகக் கேட்டார்:

"சேர், இதுல இன்னம் நல்லா வெட்டு ஈக்கிது. அளவு கொஞ்சம் சின்னன்தான், ஆனா அந்த மொட்டைக்கு இது எவ்வளவோ மேல். பின்னுக்கு மாட்டி உடவா?"

பரமநாதன் அதிர்ந்துபோனார். "முன்னுக்கு இருந்த ரயரைப் பின்னுக்குப் போடுறதோ? அது பதவி இறக்கம்! விசாரணை இல்லாமல் செய்யேலாது."

அந்த நல்ல டயர் இலக்கம் ஒட்டப்பட்டுக் களஞ்சிய அறைக்குப் போனது.

விழா நடந்து நான்காம் நாள், பின்னேரம் இரண்டு மணிக்கு மழை இறங்கியது. கண்டிக் குளத்து நீரும் வானமும் ஒரே நிறமாகிவிட்ட மழை. விழாவின் படங்களும் அறிக்கையும் அடங்கிய தடித்த உறை ஒன்று அன்றைக்கே பேராதனைக்குப் போய்ச் சேர வேண்டுமாம்.

"மழ விட்டோன்ன போறேங்க மிஸ்," என்றான் கணேஸ்.

மஸாஹிரா உறையைத் திருப்பிக் காட்டினாள். 'அவசரம்' என்று சிவப்பு முத்திரை குத்தியிருந்தது. "நான் குத்தல்ல கணேஸ். சேர்தான் குத்தினார்," என்றாள். அவள் முகம் நன்றாக இல்லை.

உறையைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கணேஸ் போனான். பேராதனை வழியில் கெட்டம்பைக்குக் கிட்ட, முன்னால் போன பஸ் ஆளேற்றத் திடீரென்று நின்றது. கணேஸ் பிரேக் பிடித்தான். முன் டயர் குழுவின் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு அப்படியே நின்றது. பின் டயர் நிற்கவில்லை. வழுக்கிச் சுழன்று கணேஸையும் தாண்டி முன்னால் வந்தது. அதற்கும் முன்னுரிமை வேண்டியிருந்ததுபோலும்.

விழுகிற கணத்தில் அவனுக்கு ஒன்றுதான் தோன்றியது: நல்லவேளை, அவள் பின்னால் இல்லை.

வலப்பக்கக் காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த ஓட்டோக்காரர் தூக்கி ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தர்ஷிகா தையல் கடையிலிருந்து, கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே ஓடிவந்தாள். அவனைப் பார்த்தாள். தோளில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை.

மறுநாள் பார்வை நேரத்தில் அலுவலக வான் வந்து நின்றது. குழுவின் ஏழு பேரும், ஒரு பெட்டி பிஸ்கட்டும், ஒரு படிவமும் அதிலிருந்து இறங்கின.

பரமநாதன் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு உண்மையாகவே வருத்தம்தான். கணேஸின் காலை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"ஒண்டுக்கும் யோசிக்காதையும் கணேஸ். அறிக்கை எல்லாம் நனையாமல் கிடைச்சிட்டுது. இனி இந்த விபத்துப் படிவம்தான். சுற்றறிக்கைப்படி சேவை வீட்டில நடந்தது. ஆனபடியால், 'வீட்டில் செய்த சேவையில் குறைபாடு' எண்டு ஒரு வரி. விஷயம் முடிஞ்சுது."

"வலது கையால கையெழுத்து வைக்கேலாதுங்க சேர்."

"இடது பெருவிரலே காணும். மை கொண்டுவந்திருக்கிறம்."

மைப்பெட்டி மஸாஹிராவின் கையில் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை.

"குடுங்க சேர், நான் நெரப்புறேன்," என்று தர்ஷிகா படிவத்தை வாங்கிக்கொண்டாள். கட்டில் ஓரத்தில் அமர்ந்து நிதானமாக எழுதத் தொடங்கினாள். இடையில் நிமிர்ந்து கேட்டாள்:

"சேர், ஒங்க இனிஷியல் என்னங்க?"

"செ." முப்பது வருடப் பழக்கம், படிவம் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும்.

"பதவி தலைமை உத்தியோகத்தர்தானுங்களே? மத்தவங்க பேரையும் சொல்லுங்க."

ஒவ்வொருவரும் வரிசையாகச் சொன்னார்கள். பரிசளிப்புப் பட்டியலோ என்னவோ என்று ஒருவர் தன் பட்டத்தையும் சேர்க்கச் சொன்னார். ஏழு பெயர்களும் எழுதி முடிந்ததும் பரமநாதன் கையை நீட்டிப் படிவத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பெயர்கள் சரி. பதவிகள் சரி. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. பிறகுதான் அவை எந்த நிரலில் இருக்கின்றன என்று மேலே பார்த்தார்.

'மோதிவிட்டுத் தப்பிச் சென்றோர் (இருப்பின்).'

கணேஸ் சிரித்தான். தோள் சுரீரென்று வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தான்.

பரமநாதன் படிவத்தைக் கட்டிலில் வைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். "ஐயோ, நாலரைக்கு ஒரு கூட்டம் இருக்குது!" என்று எழுந்தார். ஏழு பேரும் வாசலை நோக்கி விரைந்தார்கள். மஸாஹிரா மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் போனாள். படிக்கட்டில் காலடிகள் தடதடத்தன. கீழே வானின் கதவு அடிபட்டுச் சாத்திக்கொண்டது.

படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் காலியாக இருந்தது: 'தப்பிச் சென்ற வாகனத்தின் இலக்கம்.' தர்ஷிகா பேனையோடு ஜன்னலுக்குப் போனாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அலுவலக வான் வளைவில் நல்ல வேகத்தில் திரும்பியது. கொஞ்சமும் வழுக்கவில்லை, நான்கு டயரும் புதிது.