மேற்கோள் குறியை விழுங்கிய கணினி

"உங்கள் புகார்: என் மனைவி. விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்."

கைப்பேசிக்கு வந்த செய்தியை மனைவி நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"என்ன நடவடிக்கைங்க?"

அச்சகத்தில் இருபது வருஷமாகப் பிழை திருத்துகிறவருக்குக் குடித்த காபி புரையேறியது. குடியிருப்பின் பராமரிப்பு அலுவலகத்துக் கணினியில் அவர் பதிந்தது வேறு: என் மனைவி 'சமையலறைக் குழாய் ஒழுகுகிறது' என்கிறாள். போதாத காலம், மனைவியின் எண்ணைக் கொடுத்திருந்தார்.

அலுவலகத்துக்கு ஓடினார்.

"மேற்கோள் குறி போட்டீங்களா?" என்றார் எழுத்தர். "அதைப் பார்த்தா வாக்கியம் முடிஞ்சதுன்னு கம்ப்யூட்டர் கடையைக் கட்டிரும் சார்."

"குறி இல்லாம எழுத எனக்குக் கை வராதே."

"அப்போ முக்கியமானதை இந்தக் கூர் அடைப்புக்குள்ள போடுவோம். பத்திரமா இருக்கும்."

எழுத்தரே தட்டினார்: என் மனைவி <பெயரில் உள்ள வீட்டின் குழாய்> மிகப் பழையது. ஓயாமல் சத்தம் போடுகிறது. மாற்றித் தரவும்.

கணினி அடைப்பையும் விழுங்கியது, உள்ளே இருந்ததையும் விழுங்கியது. மிச்சம், அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்தது.

வாசலிலேயே நின்றிருந்தாள் மனைவி.

"நான் பழையதா?"

"அது வந்து..."

"அதுவும் அஃறிணையில."

அவர் வந்த வழியே திரும்பி ஓடினார். இந்த முறை எழுத்தரை நம்பவில்லை. மேற்கோள், அடைப்பு எதுவும் இல்லாமல், அழுத்தத்துக்கு இரண்டே இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் இழுத்தார்: என் மனைவி மேல் எனக்குப் புகார் -- இல்லவே இல்லை.

எழுத்தர் எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "ரெட்டைக் கோடு போட்டா அதுக்குப் பின்னால இருக்கறதைக் கம்ப்யூட்டர் படிக்கவே படிக்காது சார்."

வீட்டில் மனைவி பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஆள் அனுப்பறாங்களாம். சிரமம் வேண்டாம், நானே தம்பி வீட்டுக்குப் போயிடறேன்."

அழைப்பு மணி அடித்தது. பராமரிப்பு ஊழியர், கையில் பைப் ரெஞ்ச். பிழை திருத்துகிறவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அந்தப் புகார் அரைகுறையா பதிவானது. குழாய்தான் கோளாறு. இவகிட்ட நீங்களாவது சொல்லுங்க."

ஊழியர் காகிதத்தைப் புரட்டினார்.

"உங்க புகாருக்கு அடுத்த வாரம்தான் சார் வருவாங்க. நான் வந்தது, போன மாசம் இந்த அம்மா கொடுத்த புகாருக்கு. 'என் கணவர்'னு மட்டும்தான் இருக்கு. அவங்க குறி எதுவுமே போடலை, அதனால முழுசா பதிவாயிருக்கு."