சிவப்புக் காருக்கு ஒரு சட்டை

மூன்றாவது முறையாக உதறிப் போட்டபோது அந்தத் துணி காரோடு பல் டாக்டரையும் சேர்த்து மூடிவிட்டது.

“என்னங்க, உள்ளேயா இருக்கீங்க?” என்று மனைவி வாசற்படியிலிருந்து கேட்டாள்.

“அளவு பார்க்கிறேன்.”

“காருக்கா, உங்களுக்கா?”

டாக்டர் துணிக்குள் நீச்சலடித்துக் கரையேறினார். எதிரே அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அவரைவிட ஐந்து வயது மூத்தது. கூரை கிடையாது, இருந்த கூரை முந்தைய சொந்தக்காரர் காலத்திலேயே நார்நாராகிக் காற்றோடு போய்விட்டது. உள்ளே இரண்டே சீட்டு. அவற்றுக்குப் போன வாரம்தான் வெண்ணெய் நிறத்தில் புதுத் தோல் தைத்திருந்தார். சீட்டு, ஸ்டியரிங் எல்லாவற்றையும் மேலாக மூடிப் பொத்தான் போடுகிற உறை ஒன்று உண்டென்று கேள்விப்பட்டு, தபாலில் வரவழைத்து, அதோடுதான் காலையிலிருந்து குஸ்தி.

வேறு வழியும் இல்லை. “சீட்டு ஒரே ஒரு தடவை நனைஞ்சாலும் வண்டியை வித்துடறேன்” என்று மனைவிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மருந்துச் சீட்டில்தான் எழுதினார், தம் கையெழுத்தை உலகத்தில் எவராலும் படிக்க முடியாது என்ற தைரியத்தில். அவளோ இருபத்தாறு வருஷமாகக் கணக்குப் பரீட்சை விடைத்தாள் திருத்துகிறவள். ஒரே மூச்சில் படித்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

வானத்தில் எருமைக் கூட்டம் மாதிரி மேகம் நின்றது.

“பெட்டி மேல ‘கன்வர்டபிள், டூ சீட்டர்’னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நம்ம வண்டியும் அதேதான். அப்புறம் ஏன் ஒட்ட மாட்டேங்குது?” என்றார் டாக்டர்.

காரைச் சுற்றிப் பதினாலு பித்தளைப் பொத்தான்கள் பளபளத்தன. துணியில் ஒரு பொத்தான்கூட இல்லை. நாலு மூலையிலும் எலாஸ்டிக் மட்டும் தொங்கியது. ஒரு மூலையைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு மறு மூலைக்கு ஓடினார். முதல் மூலை விடுபட்டுப் பறந்து, வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டுத் தையல் மாஸ்டரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் செடிக்குள் போட்டது.

ஜன்னல் திரையிலிருந்து சர்க்கஸ் கூடாரம் வரை தைத்தவர் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்பவர் மாஸ்டர். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு துணியைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“அடேயப்பா, பூனைக்குட்டி மாதிரி இருக்கே டாக்டரே!”

“பழைய வண்டியாச்சே மாஸ்டர். உடம்புல கீறல் விழக்கூடாதுல்ல?”

“இதென்ன, பக்கத்துல நீளமா ஒரு பை?”

இருவரும் அந்தப் பையை விரலால் துழாவி ஆராய்ந்தார்கள்.

“ரோடு மேப் வைக்கிறதுக்கு” என்று டாக்டர் கண்டுபிடித்தார்.

“அப்போ ஜிப் வச்ச இந்த ரெண்டு குட்டிப் பை?”

“அது... சைடு கண்ணாடிக்கு!”

மாட்டிப் பார்த்தார்கள். கார் குத்துச்சண்டைக்குக் கிளம்பியது போல நின்றது. டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

பெட்டிக்குள் ஒரு காகிதமும் கிடந்தது. எந்த நாட்டு எழுத்தோ, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. புரிந்தது படம் மட்டும்தான்: ஒருவன் காலை நீட்டி, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான்.

“டிரைவர் ஏன் மாஸ்டர் கண்ணை மூடியிருக்கான்?”

“வேகம், டாக்டரே! காத்து கண்ணுல அடிக்காதா?”

வாசற்படியில் மனைவி இருமினாள். அது இருமல் மாதிரி இல்லை.

இழுத்துக் கட்டியதில் அடுத்த சங்கடம் முளைத்தது. ஸ்டியரிங் நடுவே துருத்திக்கொண்டு துணியைக் கூடாரமாக்கியது. சுற்றிலும் ஒரு நீச்சல் குளத்துக்கு வேண்டிய பள்ளம்.

“ஓட்டை போட்டுடலாம்” என்று மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து கத்திரியை எடுத்தார்.

டாக்டர் அதை வாங்கிக்கொண்டார். பழக்க தோஷத்தில் துணியைப் பார்த்து, “வலிக்காது” என்று சொல்லிவிட்டு வட்டமாக வெட்டினார். ஸ்டியரிங் சுகமாக வெளியே தலை நீட்டியது.

“அந்த ஓட்டை வழியா மழை உள்ளே போகாதா?” என்றாள் மனைவி.

டாக்டர் குளியலறைக்கு ஓடி, மனைவி தலை நனையாமல் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் தொப்பியைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்கு அணிவித்தார்.

“எனக்கு அது எடுப்பா இருந்ததுன்னு ஒருநாளாவது சொல்லியிருக்கீங்களா?” என்று கேட்டபடி அவள் ஒரு வாளியோடு இறங்கி வந்தாள். துணியின் ஓரத்தை வாளி வாயில் போர்த்தி ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டுகூட மேலே நிற்கவில்லை. அவ்வளவும் வாளிக்குள்.

அலமாரியில் பூட்டியிருந்த மருந்துச் சீட்டு டாக்டரின் கண்முன் வந்து நின்றது.

“மெழுகு!” என்று கத்தினார் மாஸ்டர். “மெழுகு தேய்ச்சு இஸ்திரி போட்டா ஆத்துக்குள்ளேயே போர்த்திக்கிட்டுப் படுக்கலாம்!”

துணியை அவிழ்த்துத் திண்டாடித் தரையில் விரித்தார்கள். வீட்டிலிருந்த மெழுகுவத்தி தீர்ந்தது, மாஸ்டர் வீட்டுடையதும் தீர்ந்தது, கடையிலிருந்து இரண்டு டஜன் வந்தது. தேய்த்துத் தேய்த்து டாக்டரின் வலது கை இடது கையைவிட நீண்டுவிட்டது. பூனைக்குட்டி மாதிரி இருந்த துணி இஸ்திரிக்குப் பிறகு முதலைத் தோல் மாதிரி விறைத்தது. அதைத் தூக்கிக் காரின் மேல் வைத்து, எலாஸ்டிக்கை இழுத்து, போதாததற்குத் துணி காயப்போடும் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டவும், முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது.

மூவரும் வாசலில் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். தூறல் மழையானது. துணியின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தது.

கால் மணி நேரம் கழித்து மனைவி குடையோடு போய் ஓரத்தைத் தூக்கி உள்ளே கைவிட்டாள்.

அவள் கையை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“காஞ்சுதான் இருக்கு.”

உள்ளே போய் மருந்துச் சீட்டை எடுத்துவந்து, அவர் கண்ணெதிரே நாலாகக் கிழித்தாள். “சரி, வண்டி இங்கேயே இருக்கட்டும். நான் தோத்துட்டேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் அந்த வார்த்தையை டாக்டர் கேட்டதே இல்லை. மாஸ்டரின் தோளைக் கட்டிக்கொண்டார்.

அப்போது குடை பிடித்தபடி ஒரு பெண்மணி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு காகிதம்.

“பின்தெருவிலேருந்து வர்றேன் சார். காரைப் பத்தி உங்களுக்குத் தெரியாததே இல்லைன்னு சொன்னாங்க. ஒரு சின்ன சந்தேகம்.”

“தாராளமா கேளுங்கம்மா” என்றார் டாக்டர். ஊருக்கே உறை மாட்டித் தரும் உற்சாகத்தில் இருந்தார் அவர்.

“புதுசா சோபா வாங்கினோம். ரெண்டு பேர் உட்காரலாம், விரிச்சா கட்டிலாயிடும். கன்வர்டபிள்னு சொல்வாங்களே, அது. இன்னிக்கு அதுக்கு உறை வந்துச்சு. காலையிலேருந்து நானும் எங்க வீட்டுக்காரரும் மல்லுக்கட்டுறோம், பொருந்தவே மாட்டேங்குது. இந்தக் குறிப்பைப் படிச்சா தலையே சுத்துது.”

அவள் காகிதத்தை நீட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“சோபாவுல ஸ்டியரிங் எந்தப் பக்கம் சார் இருக்கும்?”