தபீதாள் வீட்டில் கோழியே இல்லை

தபீதாளின் சேவலுக்குக் குளியலறையில் அன்று மூன்றாவது நாள். மேலே கூடை, கூடைக்கு மேலே கறுப்புப் போர்வை. பொழுதே விடியவில்லை என்று நம்பி அது வாயைத் திறக்காமல் கிடந்தது.

எல்லாம் அந்த ஆட்டோவால் வந்த வினை. திங்கட்கிழமை மைக் கட்டிக்கொண்டு ஆந்திர எல்லையிலிருக்கும் நகரியில் தெருத்தெருவாகக் கத்திவிட்டுப் போனது. வீடுகளுக்கு நடுவே கோழி வளர்த்து, அக்கம்பக்கத்தார் கம்ப்ளெய்ன்ட் கொடுத்தால் முனிசிபாலிட்டி பிடித்துக்கொண்டு போய்விடுமாம்.

"போனா போவுது மே, வேற வாங்கிக்கலாம்" என்றார் கணவர் இன்பசேகரன்.

"இன்னா பேசறீங்க? வேலூர்ல உங்க நெஞ்சக் கிழிச்சித் தச்சாங்களே, அன்னிக்கி நேர்ந்துக்கினது. நீங்க உசுரோட உக்காந்துகினு காப்பி குடிக்கிறீங்க இல்ல? ஞாயித்துக்கெழம அறுப்பின் பண்டிகைக்கு இதே சேவல்தான் காணிக்கையா சர்ச்சுக்குப் போவணும்."

இன்பசேகரன் மார்புத் தழும்பைத் தடவிக்கொண்டு காப்பியைக் குடித்தார். வேறென்ன செய்வார், பாவம்.

பக்கத்து வீட்டு சந்தியா சும்மா இருப்பாளா?

"ஆன்ட்டி, சேவல் எங்க? சத்தமே காணோம். எங்க வூட்ல அவரு வேற ஒரே கோவமா கீறாரு."

தபீதாளுக்குப் பகீரென்றது. அந்தக் கோபம்தான் கம்ப்ளெய்ன்ட்டாக வரப்போகிறது!

"போயிடுச்சும்மா... எங்க வூட்ல கோழியே இல்ல." நம்பட்டும் என்று முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நடிப்பு கொஞ்சம் தூக்கல்தான்.

மறுநாள் காலை சானிட்டரி இன்ஸ்பெக்டர் ரமணா வாசலில் நின்றார். கையில் தெலுங்கில் எழுதிய மனு. தபீதாளுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. சந்தியாவின் கையெழுத்து மட்டும் அடையாளம் தெரிந்தது.

'அடிப்பாவி, மாட்டி வுட்டுட்டியே!'

"கோழி கம்ப்ளெய்ன்ட்மா. உங்க வூட்ல சேவல் இருக்குதா?"

"இல்ல சார்."

ரமணாவின் முகம் சுண்டிப்போனது. "நல்லா யோசிச்சி சொல்லுங்க."

"இல்லவே இல்ல சார்."

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "அம்மா, எங்கியாச்சும் ஒரு மூலையில..."

"சத்தியமா எங்க வூட்ல கோழியே இல்ல!"

பைபிளில் ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று சீடன் மூன்றாவது தடவை சொன்னதும் என்ன கூவியது என்று சன்டே ஸ்கூல் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சரியாக அப்போதுதான் குளிக்கப் போன இன்பசேகரன் போர்வையை விலக்கினார்.

"கொக்கரக்கோ!"

"சார், ஆண்டவருக்கு நேர்ந்தது சார், புடிச்சிக்கினு போயிடாதீங்க!" என்று கும்பிட்டபடியே தபீதாள் அழுதேவிட்டாள். இந்த முறை நடிப்பில்லை.

ரமணா அவளைவிட உயரமாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க நல்லா இருக்கணும்மா! நாங்க உங்க சேவலப் புடிச்சிக்கினு பூட்டோமாம், நீங்க அழுவுறீங்களாம், விடிகாலையில அது கூவாம ஒருத்தராலயும் எந்திரிச்சி ஸ்ரீ சிட்டி ஃபேக்டரி பஸ்ஸப் புடிக்க முடியலயாம், உடனே திருப்பிக் குடுக்கணும்னு தெருவே கையெழுத்துப் போட்டுக் குடுத்த கம்ப்ளெய்ன்ட்டும்மா இது!"