ஹவுன்ஸ்லோவுக்கு வரவேண்டிய குருவி

லண்டன் மாநகரத்தில் ஏலும் அண்ணையைவிட நம்பிக்கை மிகுந்த மனிதர் ஒருவர் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். அவரை எங்கள் பேட்டையான ஹவுன்ஸ்லோவுக்குக் கூட்டிவந்து ஏலும் அண்ணை பக்கத்தில் நிறுத்துகிறேன். பத்தே நிமிடத்தில் அந்த ஆள் சோர்ந்துபோய் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

'முடியும்' என்பதற்கு யாழ்ப்பாணத்தார் 'ஏலும்' என்பார்கள். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் பதில் என்பதால் அதுவே பெயராகிவிட்டது. நாங்கள் குடிவந்த அன்று எங்கள் சோபா மாடிப்படியில் சிக்கி நின்றது. "ஏலும் தங்கச்சி, விடுங்கோ" என்று வந்தார். முதலில் படியின் கைப்பிடியைக் கழற்றினார். பிறகு கதவைக் கழற்றினார். அப்புறம் சோபாவின் காலைக் கழற்றினார். சோபா இன்றைக்கும் கீழேதான் இருக்கிறது, மூன்று காலோடு. என் கணவர் அதில் ஒருபக்கமாகச் சாய்ந்துதான் டிவி பார்க்கிறார்.

நான் திருச்சிக்காரி. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு மரவேலி. போன வருடம் மார்ச் மாதம் அந்த வேலிக்கு மேலாக அவர் தலை எட்டிப் பார்த்தது.

"தங்கச்சி, ஹம்மிங் பேர்ட் தெரியுமோ?"

வீடியோவில் பார்த்திருக்கிறேன். பெருவிரல் அளவுக் குருவி. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும்.

"அது அமெரிக்கா, கனடா பக்கம்தானே அண்ணே இருக்கு? இங்க வராதே."

"ஏன் வராது? டொரொண்டோவில இருந்து வாற பிளேன் எல்லாம் என்ர கூரைக்கு மேலாலதான் இறங்குது. குருவிக்கு மட்டும் வழி தெரியாதோ?"

ஹீத்ரோ விமான நிலையத்தில் இருபது வருடம் பெட்டி ஏற்றி இறக்கியவர். ஆகாய மார்க்கம் பற்றி அவரிடம் வாதாடும் தைரியம் எனக்கு இல்லை.

விஷயம் அவருடைய அக்கா. டொரொண்டோவில் இருக்கிறார். அக்காவும் அத்தானும் தோட்டத்தில் சிவப்புப் புட்டியில் சீனித்தண்ணீர் தொங்கவிட்டு, கோடை முழுக்க அந்தக் குருவிகளோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். அத்தான் திடீரென்று போய்ச் சேர்ந்தார். அதோடு அக்கா புட்டியைக் கழற்றி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குக்கூட வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. போனில் பேசினால் 'ம்', 'இருக்கிறன்', அவ்வளவுதான். லண்டனுக்கு வாருங்கள் என்று தம்பி கெஞ்சிப் பார்த்தார். பலிக்கவில்லை. கடைசியில் ஒரு நாள், "அக்கா, அந்தக் குருவி இப்ப என்ர வீட்டுக்கும் வருது. வந்து பாருங்கோ" என்று அவிழ்த்துவிட்டார்.

ஒரு வருடத்தில் முதல் தடவையாக அக்கா ஒரு கேள்வி கேட்டாராம். "உண்மையாவோ?"

"அந்த ஒரு கேள்விக்கு நான் யானை வருது எண்டும் சொல்லியிருப்பன், தங்கச்சி" என்றார் ஏலும் அண்ணை.

சொல்லியாகிவிட்டது. இனிக் குருவி வந்தாக வேண்டும்.

சிவப்பைக் கண்டால் அது ஓடி வரும் என்று எங்கோ படித்தார். மறுவாரம் வேலியில் அவர் பக்கம் சிவப்பானது. பிறகு வாளி, பூந்தொட்டி, தோட்டத்துக் கதவு. பெயின்ட் மிஞ்சியதால் குப்பைத்தொட்டியும் சிவப்பானது. 'தொட்டி எங்கள் சொத்து, பழைய நிறத்துக்கு மாற்றவும்' என்று கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. அவர் அதை எனக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினார். "கவுன்சிலின்ர கண்ணிலேயே பட்டிட்டுது. குருவியின்ர கண்ணில படாதோ?"

அடுத்து ஒரு காலையில், துணிக்கொடியில் அவர் மனைவியின், அதாவது எங்கள் அண்ணியின், கூறைச்சேலை பறந்துகொண்டிருந்தது. கல்யாணத்தன்று கட்டிய சிவப்புப் பட்டு. அண்ணி வெளியே வந்தார். சேலையைப் பார்த்தார். கொடியில் வரிசையாக உட்கார்ந்திருந்த புறாக்களையும் அவை சேலைக்குச் செய்திருந்ததையும் பார்த்தார். கத்தவில்லை.

"முப்பது வருசம் பெட்டிக்குள்ள வைச்சுக் காப்பாத்தினனான்," என்றார். "உந்தப் புறாக்களுக்கே?"

அன்று ஏலும் அண்ணைக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். இரவுச் சாப்பாடும்.

பிறகு சீனித்தண்ணீர். பாகு பதத்தில் காய்ச்சி, சிவப்புச் சர்பத் கலந்து தொங்கவிட்டார். மேற்கு லண்டனின் குளவிகள் அத்தனையும் சொந்தபந்தத்தோடு வந்து இறங்கின. என் கணவர் கழுத்தில் இரண்டு கொட்டு வாங்கினார். வேறு வழியில்லாமல் ஏலும் அண்ணை அக்காவுக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, சீனித்தண்ணி எப்பிடிக் கலக்கிறது?"



"ஒரு பங்கு சீனிக்கு நாலு பங்கு தண்ணி," என்றது ஒரு மெல்லிய குரல். பிறகு, "கலர் ஏதும் போட்டனியோ?"

"கொஞ்சம்."

"உனக்கு அறிவிருக்கோ? அதுகளுக்குக் கலர் கூடாது. முதல்ல அதை வெளியில ஊத்து. புட்டியைச் சுடுதண்ணியில கழுவு. வெயிலில வையாதை, புளிச்சுப் போகும்."

இருபது நிமிடம் திட்டு விழுந்தது. ஏலும் அண்ணை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. அதன் பிறகு தினமும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. எறும்பு ஏறுது, என்ன செய்ய? புட்டியை எவ்வளவு உயரத்தில கட்ட? எந்தப் பூ நட? தெரிந்ததையும் தெரியாதமாதிரி கேட்டார். தவறாமல் திட்டு வாங்கினார்.

ஆகஸ்டில் அக்கா வந்துவிட்டார். சின்ன உருவம், அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய பெட்டி. திறந்ததும் முதலில் வெளியே வந்தது அவருடைய சொந்தப் புட்டி. "உன்ர கழுவலை எனக்குத் தெரியும்" என்றார் தம்பியிடம்.

இரண்டு வாரம் அக்காவும் தம்பியும் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். "அந்தா, அந்தா" என்பார் இவர். "அது தேனீ, தம்பி" என்பார் அக்கா. மறுபடி "அந்தா" என்பார். "அது இலை." நாள் போகப் போக 'அந்தா' குறைந்தது. ஏலும் அண்ணையின் முகம் வாடி நான் பார்த்தது அப்போதுதான். இந்த ஏமாற்றத்தோடு அக்கா திரும்பிப் போனால் பழையபடி கதவைச் சாத்திவிடுவாரே என்று நானும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை, வடை கொடுக்கப் போனேன். ஏலும் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஒண்டு சொல்லவேணும். அந்தக் குருவி இஞ்ச வந்ததே இல்லை. நான் பொய் சொன்னனான்."

அக்கா நிதானமாக வடையைப் பிட்டார். "தெரியும். என்ர மகள் டிக்கெட் போடேக்குள்ளேயே சொன்னவள், லண்டனில அது இல்லை எண்டு."

"பிறகேன் வந்தனீங்கள்?"

"சின்னனில இருந்தே உனக்குப் பொய் நிக்காது. அம்மாவுக்கு முன்னால அரை நிமிசம் தாங்கமாட்டாய். எனக்காக அஞ்சு மாசம் ஒரே பொய்யைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறாய். அதைப் பார்க்கவேணும்போல கிடந்தது."

சட்னி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குள் ஓடிவிட்டேன். சட்னி தட்டிலேயேதான் இருந்தது.

இந்த வருடம் டொரொண்டோவில் அக்காவின் தோட்டத்துக்குக் குருவிகள் திரும்ப வந்துவிட்டன. வாரம் தவறாமல் பூசைக்குப் போகிறார். நாள் தவறாமல் தம்பியைத் திட்டுகிறார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. என்றாவது ஒரு நாள் நானும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டால், வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து எனக்கும் இப்படி ஒரு பொய் சொல்ல, இந்த மனிதர் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும்.